ஆறாம் குறுக்குத் தெருவின் எடை

எங்க தெருவுல நடந்ததை ஆளுக்கொரு விதமா சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு, அதனால நானே சொல்லிடறேன். என் பேரு பரிமளம். ஆறாம் குறுக்குத் தெருவுல முப்பது வருஷமா இட்லிக் கடை வச்சிருக்கேன். விறகடுப்புதான், காலையில ஆறு மணிக்குப் புகைய ஆரம்பிச்சா பதினொண்ணுக்குத்தான் ஓயும். தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். ஆசைப்பட்டு ஆனதில்ல. கூட்டத்துல எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருந்த நேரம் பார்த்து நான் காபித் தட்டோட உள்ள நுழைஞ்சேன், என் தலையில கட்டிட்டாங்க.

ஆடி மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை, என் அடுப்புப் புகை எப்பவும் போல மேல போகாம, கூரையைத் தாண்டினதும் இடது பக்கம் திரும்பி, மளிகைக் கடைப் பலகையைத் தடவி, தையல் கடை ஜன்னலுக்குள்ள எட்டிப் பார்த்து, மாடியில காயப்போட்ட வேட்டி சேலையையெல்லாம் தொட்டுக்கிட்டே தெருமுனைக்குப் போயி, அங்க இருக்குற காலி மனையைச் சுத்த ஆரம்பிச்சது. ஒரு சுத்து, ரெண்டு சுத்து இல்ல, விடாம. கொஞ்ச நேரத்துல நாலாவது வீட்டு ஊதுபத்திப் புகையும் சேர்ந்துக்கிச்சு, கொசு மருந்துப் புகையும் சேர்ந்துக்கிச்சு, மணவாளன் சார் பொண்டாட்டிக்குத் தெரியாம கொல்லையில ஊதுற பீடிப் புகையும் சேர்ந்துக்கிட்டுச் சந்தி சிரிச்சது. இந்த மணவாளன் சார்தான் எங்க சங்கத் தலைவர். பத்திரப் பதிவு ஆபீசுல இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் தீர்மானமா எழுதினாத்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

புகை ஏன் சுத்துதுன்னு ஒருத்தரும் கேக்கல. என் புகை அவங்க வீட்டுக்குள்ள வருதுன்னுதான் சண்டைக்கு வந்தாங்க. "புகையில என் பேரு எழுதியிருக்கா?"ன்னு நானும் விடல. நாலு நாள் அந்தச் சண்டையிலயே போச்சு.

அஞ்சாம் நாள்தான் என் மாடியில குடியிருக்குற சகாயராணி இறங்கி வந்தா. முப்பது வயசுப் பொண்ணு, வானத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றவ. கடல் தாண்டி எங்கயோ பாலைவனத்து மலை மேல வரிசையா நிக்கிற பெரிய பெரிய தட்டு ஆன்டெனாக்கள் பிடிச்சு அனுப்புறதை, என் வீட்டு மாடியில கம்ப்யூட்டர்ல வச்சுக்கிட்டு, தலையைப் பிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. என்னதான்டி தேடுறேன்னு ஒரு தடவை கேட்டதுக்குச் சொன்னா: "அக்கா, ஒவ்வொரு விண்மீன் கூட்டத்துக்கும் நடுவுல ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்தையே முழுங்கிடும், அதனால யாரும் பார்க்க முடியாது. போதாததுக்குத் தூசி வேற மூடியிருக்கும். ஆனா அதைச் சுத்தி வாயு ஓடும் பாருங்க, அதுல இருந்து வர்ற ரேடியோ அலை தூசியைத் துளைச்சுக்கிட்டு வந்துடும். நம்ம பக்கம் வர்ற வாயுவோட அலை நெருங்கும், விலகிப் போற வாயுவோட அலை நீளும், வர்ற பஸ் ஹார்னுக்கும் போற பஸ் ஹார்னுக்கும் வித்தியாசம் தெரியுதுல்ல, அது மாதிரி. அதை வச்சு எவ்வளவு வேகமா சுத்துதுன்னு கண்டுபிடிச்சா, நடுவுல எவ்வளவு கனம் உட்கார்ந்திருக்குன்னு சொல்லிடலாம்."

அந்தப் பொண்ணு இப்ப தெருவுல நின்னு என் புகையைப் பத்து நிமிஷம் பார்த்தா. அப்புறம் மாடியில சும்மா கிடந்த டிஷ் ஆன்டெனாவைக் காலி மனைப் பக்கம் திருப்பி, அதுல தீப்பெட்டி சைசுல எதையோ மாட்டி, வயரை இழுத்துக்கிட்டுப் போயி, மத்தியானத்துக்குள்ள திரும்பி வந்துட்டா.

"அக்கா, வானத்துல நான் தேடுற அதே கார்பன் மோனாக்ஸைடுதான் உங்க விறகுப் புகையிலயும் இருக்கு. காலி மனை நடுவுல கருந்துளை ஒண்ணு உட்கார்ந்திருக்கு. முந்நூத்தி இருபது கிலோ."

"அவ்வளவுதானா?"

"அங்க கோடிக்கணக்கான சூரியன் எடை. இங்க நாலு மூட்டை அரிசி எடை. சுத்துற முறை ஒண்ணுதான்."

அந்தக் காலி மனையிலதான் தெருவே குப்பை கொட்டும். பன்னெண்டு வருஷமா அதை அள்ளினவ காத்தாயி. ஒப்பந்தக்காரர் கொடுத்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கிட்டுக் காலையில ஏழு மணிக்கு வருவா, தெருவைக் கூட்டுவா, குப்பையை அள்ளுவா, என் கடை வாசல்ல ஓரமா நின்னு ஒரு காபி குடிப்பா. புருஷன் இல்ல, பொண்ணு வெளியூர்ல நர்சிங் படிக்குது, அந்தப் படிப்பு முழுக்க இந்த வேலையிலதான் ஓடுது. சகாயராணி எடை சொன்ன மறுநாள் காத்தாயி காலி வண்டியோட என் முன்னால வந்து நின்னா.

"அக்கா, எனக்கு முன்னாடி யாரு வந்து அள்ளினது? நாலஞ்சு நாளா மனை துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"யாரும் அள்ளல. அங்க ஒண்ணு உட்கார்ந்திருக்காம், அது தின்னுடுதாம்."

அவ காபியைக் குடிக்காம கையிலயே வச்சிருந்தா. "அப்ப எனக்கு?"

"அட போடி இவளே, குப்பை குறைஞ்சா உனக்கு முதுகு மிச்சம். உன் வேலைக்கு நான் பொறுப்பு"ன்னு சொன்னேன். வாய் கூசாம சொன்னேன்.

அதுக்கப்புறம் எங்க தெருக்காரங்க ஆடின ஆட்டத்தை நான் என்னன்னு சொல்ல! குப்பை மட்டும் போனா சரி. பழைய மிக்ஸியைப் போட்டாங்க, ஓடாத ஃபேனைப் போட்டாங்க, முடிஞ்சுபோன கல்யாணத்தோட பத்திரிகைக் கட்டைப் போட்டாங்க, மூணு தடவை ஃபெயிலான மார்க் ஷீட்டைப் போட்டாங்க, சம்பந்தி வீட்டுல கொடுத்த சோபா பிடிக்கலன்னு ராவோட ராவா உருட்டிக்கிட்டுப் போயிப் போட்டாங்க, கோர்ட்டு நோட்டீஸைப் போட்டுட்டு வரவே இல்லன்னு சாதிச்சாங்க. எதைப் போட்டாலும் சத்தமில்லாம உள்ள போச்சு. அடுத்த தெருக்காரங்களுக்கு விஷயம் தெரிஞ்சதும் ஷேர் ஆட்டோவுல குப்பையை ஏத்திக்கிட்டு வந்தாங்க, எங்க ஆளுங்க கம்பைக் குறுக்க போட்டு, இது எங்க தெருவுக்கு மட்டும்னு உரிமை பேசினாங்க. என்னமோ இவங்க பெத்து வளர்த்த மாதிரி.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சகாயராணி புகையை அளந்து எடையைச் சொல்லுவா, நான் இன்னைக்கு என்ன டிபன்னு எழுதுற கரும்பலகையில, பொங்கல் வடைக்குக் கீழ, அதையும் சாக்பீஸ்ல எழுதி வைப்பேன். நானூத்திப் பத்து. ஐந்நூத்தி அறுபது. எழுநூத்திச் சொச்சம். ஜனங்க மழை எவ்வளவு பெய்ஞ்சதுன்னு பார்க்குற மாதிரி வந்து பார்த்துட்டு, தங்களோட சோபா எவ்வளவு கூட்டியிருக்கும்னு பெருமையாப் பேசிக்கிட்டுப் போவாங்க. எடை ஏற ஏறப் புகை வேகமெடுத்தது. கொடியில காயற துணியெல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சு காய்ஞ்சது. மனையை ஒட்டினாப்புல இருக்குற சிங்காரவேலு சார் வீட்டுக் கடிகாரம் தினமும் இருபது நிமிஷம் பின்தங்கிச்சு. கனமான பொருள் பக்கத்துல நேரம் மெதுவாத்தான் நகரும்னு சகாயராணி சொல்லிட்டுப் போனதுதான் தாமதம், அந்த மனுஷன் ஊரைவிடத் தனக்கு வயசு கம்மியா ஆகுதுன்னு சொல்லிக்கிட்டு மீசைக்கு மை போட ஆரம்பிச்சுட்டார். அவர் வீட்டுல வச்சா மாவு புளிக்காதுன்னு கண்டுபிடிச்சு, தெருப் பொம்பளைங்க எல்லாம் மாவுப் பாத்திரத்தை அவர் வீட்டு நடையில கொண்டுபோய் அடுக்கினாங்க. பாத்திரம் மாறிப்போயி அதுக்கு வேற பஞ்சாயத்து, அதையும் நான்தான் தீர்க்கணும்.

இதுக்கு நடுவுல சகாயராணி தொண்டை கிழியக் கத்திக்கிட்டுத்தான் இருந்தா. "ஐயா, அதுக்குத் தீனி போடாதீங்க. போடுறது எதுவும் காணாமப் போகல, கனமா அங்கயேதான் இருக்கு." யாரு கேட்டா? படிச்ச பொண்ணு, கண்ணாடி போட்டவ, கல்யாணம் ஆகாதவ, அவ பேச்சு எந்தக் காதுல ஏறும்?

மணவாளன் சாருக்கு ஒரு ஆசை வந்தது. குப்பையே இல்லாத தெருவுக்கு நகராட்சியில ஒரு போர்டு கொடுக்குறாங்களாம், பச்சை எழுத்துல, தெருமுனையில நடுவாங்களாம். அதுக்கு ஒரு கடுதாசி வேணும். எழுதிக்கிட்டு வந்துட்டார். 'எங்கள் தெருவில் குப்பை சேர்வதில்லை ஆதலால் துப்புரவுப் பணி இனித் தேவையில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' அவர் கையெழுத்துக்குக் கீழ செயலாளர் கையெழுத்து. கடையில நல்ல கூட்டம், கையெல்லாம் மாவு. படிக்காம போட்டுட்டேன்னு இப்ப சொன்னா நம்பத்தான் செய்வீங்க. ஆனா படிச்சேன். காத்தாயி ஞாபகம் வந்தது. அப்புறம் அவர்கிட்ட மல்லுக்கு நிக்கணுமேன்னு அலுப்பு வந்தது, நாலாம் டேபிள்ல சாம்பார்னு கூப்பிட்டாங்க, கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிட்டேன்.

ஒண்ணாந்தேதியில இருந்து காத்தாயி வரல. போர்டு வந்தது. தெருவுல யாரும் அவளைப் பத்திக் கேக்கல, நானும் யார்கிட்டயும் சொல்லல. ஏழு மணி ஆனா காபி டபராவைக் கழுவி எடுத்து வச்சு, திரும்ப உள்ள வைப்பேன்.

எடை ஆயிரத்தி இருநூத்தி நாப்பதைத் தொட்டப்ப சிங்காரவேலு சார் வீட்டுச் சுவர் மனைப் பக்கமா விரிசல் விட்டது. மை போட்ட மீசை அன்னைக்குத்தான் ஆடிப்போச்சு. "ஒரே ஒரு வாரம் யாரும் ஒரு துரும்பு கூடப் போடாதீங்க, சரியா அளந்து சொல்றேன்"னு சகாயராணி கையெடுத்துக் கும்பிட்டா. தீர்மானம் போட்டோம், கயிறு கட்டினோம், சத்தியமா யாரும் போடல. வீட்டுக்கு வீடு குப்பை மூட்டை கட்டிக்கிட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்தாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில அவ கீழ இறங்கி வரும்போதே மூஞ்சி சரியில்ல. ஆயிரத்தி இருநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. மூணு தடவை அளந்திருக்கா. நான் பலகையில எழுதினேன். இட்லி வாயோட நின்னவங்க அப்படியே நின்னாங்க. அம்பத்தோரு கிலோ கூடியிருக்கு, குப்பையும் யாரும் போடல. அம்பத்தோரு கிலோன்னா என்னவா இருக்கும்னு எல்லாருக்கும் தெரிஞ்சது, ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லல. பொம்பளைங்க ஓடிப்போயிப் பிள்ளைங்களை எண்ணினாங்க.

"தெரு முழுக்கத் தலை எண்ணணும்"னார் மணவாளன் சார். எங்க தெருவுல தலை எண்ணுறதுக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. ரேஷன் கார்டை நம்ப மாட்டோம், அதுல செத்தவங்க கூட அரிசி வாங்குவாங்க. பந்தி போடுவோம். தெரு நீளத்துக்குப் பாயை விரிச்சு ஆளுக்கொரு இலை, ஒவ்வொரு கோயில் திருவிழாவுக்கும் எண்ணி வச்ச இலைக் கணக்கு எங்ககிட்ட உண்டு. போன திருவிழாவுக்கு இருநூத்திப் பதினாலு. அதுக்கப்புறம் தெருவுல பிறப்பும் இல்ல, இறப்பும் இல்ல. அன்னைக்கு மத்தியானமே சோறும் சாம்பாரும் ரசமும் ஒரு பொரியலுமா வடிச்சுக் கொட்டினேன். இருநூத்திப் பதினாலு இலை போட்டோம். பால்குடிப் பிள்ளைக்கும் ஒண்ணு. கடைசி இலை எனக்கு, கரண்டியை வச்சுட்டு நானும் உட்கார்ந்தேன். மணவாளன் சார் ஒவ்வொரு இலையா தொட்டு எண்ணிக்கிட்டு வந்தார். ஒரு இலை கூடக் காலி இல்ல.

அப்பாடான்னு எல்லாரும் கை தட்டினாங்க. அளந்ததுல தப்பு இருக்கும்னு ஒருத்தர் சொன்னார், ரேடியோவே பொய்யின்னு இன்னொருத்தர் சொன்னார், ரெண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. சகாயராணி மட்டும் சோத்தைப் பிசையாம உட்கார்ந்திருந்தா. "அளந்தது சரிக்கா"ன்னு எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா. சாப்பிட்டு, இலையை மடிச்சு, ஏப்பம் விட்டு, கையைக் கழுவிக்கிட்டு அவங்கவங்க போயிட்டாங்க.

இலையெல்லாம் அப்படியே கிடந்தது. அரை மணி நேரம் ஆச்சு. வெயில்ல ஓரம் சுருண்டு, ஈ மொய்ச்சு, நாய் ரெண்டு வந்து நின்னது. மணவாளன் சார் பல்லைக் குத்திக்கிட்டு வாசலுக்கு வந்தார். "என்னம்மா செயலாளரே, இலையை எடுக்கச் சொல்லக் கூடாதா?"

"யாரை?"

"அதான், வழக்கமா எடுக்குமே அந்தப் பொண்ணு..." சொல்லிக்கிட்டே வந்தவர் நிறுத்திட்டார். "அது பேரு என்ன?"

பன்னெண்டு வருஷம், ஒவ்வொரு பந்திக்கும் அவதான் இலை எடுத்திருக்கா. எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் வண்டியோட வருவா, எடுத்துப் போட்டுட்டு, மிச்சத்தைத் தூக்குல வாங்கிக்கிட்டுப் போவா. எந்தக் கணக்குலயும் அவளுக்கு இலை போட்டதில்ல. கணக்கு எழுதினது நான்.

"அவ பேரு காத்தாயி"ன்னு கத்தினேன். "காத்தாயிய்யா, காத்தாயி!"

சகாயராணியோட ஸ்கூட்டர்ல பின்னால உட்கார்ந்து, காத்தாயி குடியிருக்குற வாய்க்கால் கரைக்குப் போனேன். வழியெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு. போன தைப் பொங்கலுக்குக் கடையில அரிசி எடை போடுற மெஷின்ல அவ ஏறி நின்னு, அம்பது கிலோன்னு பார்த்துச் சிரிச்சா. அம்பதுக்கும் அம்பத்தொண்ணுக்கும் நடுவுல ஒரு சேலை. ஆத்தா, கொஞ்சம் கூட இருக்கணும், இல்ல குறைஞ்சு இருக்கணும், சரியா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே போனேன்.

வாசல்ல உட்கார்ந்து துணி துவைச்சுக்கிட்டு இருந்தா.

"அடி பாவி!"ன்னு ஓடிப்போயி அவ தோளைப் பிடிச்சு உலுக்கினேன், அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துடுச்சு. "இருக்கியாடி! இருக்கியா!"

"இருக்காம எங்க போவேன்?" துணியைக் கல்லுல ஓங்கி அடிச்சா. "விடுங்கக்கா, சோப்பு."

"அம்பத்தோரு கிலோ கூடிப்போச்சுடி. நீதான் விழுந்துட்டேன்னு..."

"வண்டியை உள்ள தள்ளிவிட்டேன்"னா. "வேலையும் இல்ல, வண்டியைக் கழுவித் துடைச்சுத் திருப்பிக் கொடுன்னு ஒப்பந்தக்காரர் ஆளு அனுப்பினாரு. என் வேலையை அதுகிட்ட கொடுத்தீங்கல்ல, வண்டியையும் அதுகிட்டயே கேட்டு வாங்கிக்கட்டும்னு புதன்கிழமை வந்து, உங்க கயித்தைத் தூக்கிட்டுத் தள்ளிட்டேன். தெருவே வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தது. யாராவது என்னைப் பார்த்தேன்னு சொன்னாங்களா?"

ஒருத்தரும் சொல்லல.

"தலை எண்ணினீங்களாக்கா?"

"எண்ணினோம். பந்தி போட்டு."

"எல்லாரும் இருந்தாங்களா?"

இருந்தாங்கன்னு சொல்லவா? "கடுதாசியைத் திருப்பி எழுதறேன் காத்தாயி"ன்னேன். "நாளைக்கே எழுதறேன். மணவாளன் சார் போடலன்னாலும் நான் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போறேன்."

"எழுதுங்க. வர்றவ எவளோ அவளுக்கு ஆகட்டும். நான் செங்கல் சூளைக்குப் போறேன், திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. கூலி கம்மிதான்." துணியைப் பிழிஞ்சுக்கிட்டே என்னைப் பார்த்தா. "பொறுப்புன்னு சொன்னீங்களேக்கா. நான் நம்பிட்டேன். அதான் எனக்கு ஆத்திரம். வண்டியை இல்ல, உங்களைத்தான் தள்ளியிருக்கணும்."

காபி குடிக்க வாடின்னு கூடக் கூப்பிடாம ஸ்கூட்டர்ல ஏறி உட்கார்ந்தேன்.

நான் திரும்பி வந்தப்ப மணி நாலு இருக்கும். இலையெல்லாம் அங்கயேதான் கிடந்தது, எல்லாரும் உள்ள படுத்துத் தூங்கறாங்க. சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு, முதல் இலையில இருந்து ஆரம்பிச்சேன். சகாயராணி மறுபக்கத்துல இருந்து எடுக்க வந்தா, வேண்டாம் போன்னு விரட்டிட்டேன். ஒவ்வொரு இலைக்கும் குனிஞ்சு நிமிரணும். அதுல ஒட்டின பருக்கையை வழிச்சு எடுக்கணும். அறுபதாவது இலையில இடுப்பு விட்டுப்போச்சு. வண்டியும் இல்லாததால கூடையில ரொப்பித் தலையில வச்சுக்கிட்டு மெயின் ரோட்டுத் தொட்டி வரைக்கும் நடந்து நடந்து கொட்டினேன்.

அஞ்சாவது நடைக்குக் குனிஞ்சு அள்ளிக்கிட்டு இருந்தப்ப மேல ஜன்னல் திறந்தது. சிங்காரவேலு சார். முப்பது வருஷமா தினமும் காலையில என் கையால நாலு இட்லி வாங்கித் திங்கிற மனுஷன்.

"இந்தாம்மா, உன்னைத்தான்"னார். "அந்த ஓரத்துல ரெண்டு இலை விட்டுட்டே பாரு. ஒழுங்கா எடு."

ஜன்னலைச் சாத்திட்டார். நான் போயி அந்த ரெண்டு இலையையும் எடுத்தேன்.